செவிலியர் யாருடைய சம்பளப் பட்டியலில்?

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலம் பக்கம் போகும் சாலையும் சந்திக்கும் இடம் வேப்பூர்க் கூட்டுரோடு. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். சுற்றிலும் மக்காச்சோளக் கொல்லைகள். வெளிநாட்டு உதவி பற்றிய விவாதத்துக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றாது. ஆனால் வேப்பூரை நடுவில் வைத்து ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால், கடந்த எழுபது ஆண்டுகளில் பிரிட்டன், சோவியத் ஒன்றியம், மேற்கு ஜெர்மனி, டென்மார்க், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் பணமோ ஆட்களோ இயந்திரங்களோ அதற்குள் வந்து வேலை பார்த்திருப்பது தெரியும். அந்த வேலைகளெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய்விட்டார்கள். சோவியத் ஒன்றியம் என்ற நாடே இன்று இல்லை. உதவி வந்து நின்ற பிறகு ஓர் ஊரில் என்ன மிஞ்சுகிறது என்பதை ஊகிக்க வேண்டிய தேவை இந்த வட்டாரத்தில் இல்லை. நடந்து முடிந்ததைப் பார்த்தாலே போதும்.

இப்போது அதைப் பார்க்க வேண்டிய காரணம் 2025-இல் வாஷிங்டனில் நடந்தது. 1961 நவம்பரில் ஜான் கென்னடி தொடங்கிய அமெரிக்கப் பன்னாட்டு வளர்ச்சி முகமையின், அதாவது யு.எஸ்.எய்டின் பணிகளை, 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு டொனால்ட் டிரம்ப் 90 நாட்களுக்கு நிறுத்திவைத்தார். மார்ச் 10 அன்று அதன் திட்டங்களில் 83 விழுக்காடு ரத்து என்று வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அறிவித்தார். ஜூலை 1-ஆம் தேதியோடு அது தனி முகமையாக இயங்குவது நின்றது. மிச்சமிருந்தவை வெளியுறவுத் துறைக்குப் போயின. அமெரிக்காவை முதலாவதாகச் சொல்லவும் முடியாது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் 2013-இலும், பிரிட்டன் 2020-இலும் தங்கள் உதவி அமைப்புகளை வெளியுறவு அமைச்சகத்தோடு இணைத்துவிட்டன. ஒரு அரசு தன் வெளிநாட்டு உதவி முகமையை மூடலாமா என்ற கேள்வி பல தலைநகரங்களில் ஏற்கெனவே விடை எழுதப்பட்டுவிட்ட கேள்வி. அந்த விடை சரியா என்பதுதான் மிச்சம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதவியை முடித்துக்கொள்ளும் உரிமை கொடுக்கும் நாட்டுக்கு உண்டு. முடிவே இல்லாத உதவி நல்ல உதவியும் ஆகாது. ஆனால் அந்த முடிவை நாடு நாடாக, திட்டம் திட்டமாக, அந்த வேலையை வாங்கிக்கொள்ள எதிர்ப்புறத்தில் ஒரு நிறுவனம் எழுந்து நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும். அதைச் செய்து முடிக்க அனுபவமும் ஆவணங்களும் உள்ள ஒரு முகமை வேண்டும். உதவியை ஒழுங்காக முடிப்பதற்கே முகமை தேவைப்படும்போது, முகமையை முதலில் மூடுவது காரியத்தைத் தலைகீழாகச் செய்வது. எப்போது முடிக்கலாம் என்பதற்கு எளிமையான அளவுகோல் ஒன்று உண்டு: அந்தத் திட்டத்தில் ஊருக்குள் நடமாடும் செவிலியர், பயிற்றுநர், பொறியாளர் யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறார்?

நெய்வேலியிலிருந்து தொடங்குவோம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிவந்த கரும்பழுப்புப் பொருள்தான் பின்னாளில் நிலக்கரிச் சுரங்கமானது. நிலக்கரிக்கு அடியில் ஊற்றழுத்தத்தோடு நிற்கும் நீரை ஓயாமல் இறைத்தால்தான் தோண்ட முடியும் என்ற சிக்கலை ஆராய்ந்து திட்ட அறிக்கை தந்தது பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம்; கொழும்புத் திட்டத்தின் வழியே வந்த தொழில்நுட்ப உதவி அது. மண்ணை வெட்டும் ராட்சத இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. அனல்மின் நிலையம் சோவியத் கடனிலும் சோவியத் வடிவமைப்பிலும் எழுந்தது. அதன் முதல் அலகு 1962 மே மாதம் ஓடத் தொடங்கியது. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. உதவி முகமை மூடப்படுவதைவிடப் பெரிய நிகழ்வு அது, உதவி செய்த அரசே மறைந்துபோனது. கியூபாவில் அதன் விளைவு பசியாகவும் இருட்டாகவும் வீடுகளுக்குள் வந்தது. நெய்வேலியில் அந்த அனல்மின் நிலையம் அதற்குப் பிறகும் ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஓடி, 2020 செப்டம்பரில்தான் முதுமையால் நிறுத்தப்பட்டது. கொதிகலனை ஓட்டியவர்கள் 1956-இல் பதிவான ஓர் இந்தியப் பொதுத்துறை நிறுவனத்தின் ஊழியர்கள் என்பதுதான் காரணம். நெய்வேலித் திட்டத்தின் தொடக்க வடிவிலேயே களிமண் கழுவும் ஆலை ஒன்றும் இருந்தது. சுரங்கத்தின் மேல்மண்ணோடு வரும் வெண்களிமண் விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலுக்கு ஊட்டமாயிற்று. அகல்விளக்கு, கொலு பொம்மை, மின்சாரப் பியூஸ் கட்டை என்று அங்கே சூளையிலிருந்து இறங்கிய பொருட்களை எந்தச் சோவியத் நிபுணரும் தம் அறிக்கையில் எதிர்பார்த்து எழுதியிருக்க மாட்டார்.

ஆலைக்குச் சரி, மனிதர்களைத் தொட்டுச் செய்யும் வேலைக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்துகிறது; அதற்கும் சான்று இதே வட்டாரத்தில் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் டென்மார்க் அரசின் டானிடா, தமிழ்நாட்டின் கிராமப்புறச் சுகாதாரத்துக்கு உதவ இரண்டு மாவட்டங்களை எடுத்துக்கொண்டது: சேலம், தென்னார்க்காடு. வேப்பூரும் விருத்தாசலமும் அப்போது தென்னார்க்காட்டில்தான் இருந்தன. 1993-இல்தான் மாவட்டம் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. துணைச் சுகாதார நிலையக் கட்டடங்கள், ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வசதிகள், கிராமச் சுகாதாரச் செவிலியர்களுக்குப் பயிற்சி என்று பணம் போனது. ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம், அதில் ஒரு செவிலியர் என்ற ஏற்பாட்டின் பலம் அந்தச் செவிலியர் அரசு ஊழியராக இருந்ததுதான். கட்டடத்துக்கும் பயிற்சிக்கும் டென்மார்க் உதவியது. அந்தப் பதவியைத் தாங்கியது தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை. அந்தத் துறைக்கு 1920-களிலிருந்து வரும் மரபு உண்டு. 1939-இலேயே சென்னை மாகாணத்துக்குத் தனிப் பொதுச் சுகாதாரச் சட்டம் இருந்தது. வெளியிலிருந்து வந்த பணத்தை வாங்கி வைக்க ஏற்ற பாத்திரம் ஒன்று இங்கே ஏற்கெனவே இருந்தது.

டென்மார்க் போனது நட்பான சூழலில் அல்ல. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்த பிறகு, இந்தியாவுக்கான உதவியைப் படிப்படியாக நிறுத்த அது முடிவு செய்தது. 2003-இல் இந்தியாவும் தன் பங்குக்கு, பெரிய நாடுகள் சிலவற்றைத் தவிர மற்றவர்களின் நேரடி அரசு உதவி இனி வேண்டாம் என்றது. இரு பக்கமும் ரோஷம் இருந்தது. இருந்தும் துணை நிலையங்களின் கதவுகள் அடைபடவில்லை, தடுப்பூசி நாள் தவறவில்லை. தமிழ்நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு எத்தனை சிசு மரணம் என்ற கணக்கு 1990-இல் 59, 2000-இல் ஐம்பதை ஒட்டியே நின்றது, 2020-இல் 13. பெரும் சரிவு டென்மார்க் போன பிறகே நடந்திருக்கிறது. இதில் அந்த நாட்டின் பங்கு இத்தனை என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அவர்கள் விலகியதால் வேலை குலையவில்லை என்பதை இந்த எண்கள் உறுதியாகச் சொல்கின்றன. இன்னொரு செய்தியும் இங்கே கவனிக்கத் தக்கது. 1991-இலேயே டானிடா தனி அமைப்பாக இருப்பது நின்று, வெளியுறவு அமைச்சகத்துக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. பெயர் நிலைத்தது, நிதி குறையவில்லை. தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டைத் தொடர்ந்து கொடுத்துவரும் மிகச் சில நாடுகளில் டென்மார்க்கும் ஒன்று.

அமெரிக்கப் பணத்தின் சுவடு சுகாதார நிலையத்தில் தெரியாது, நெடுஞ்சாலையில் தெரியும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-இல், டாக்டர் சுனிதி சாலமனின் குழுவால். அடுத்த பத்தாண்டில் லாரிப் பாதைகள் நோயின் பாதைகளாயின. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது, 1995-இல் யு.எஸ்.எய்ட் நிதியோடு, சென்னையின் தன்னார்வ சுகாதாரச் சேவை மருத்துவமனை நடத்திய ‘அபாக்’ திட்டம் தொடங்கியது. லாரி ஓட்டுநர்கள், கிளீனர்கள், சாலையோரப் பாலியல் தொழிலாளர்கள் ஆகியோரிடம் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் வழியே ஆணுறையும் ஆலோசனையும் சென்றன. ஆண்டுதோறும் நடத்தை மாறுகிறதா என்று கணக்கெடுப்பும் நடந்தது. அதுவரை அரசு அலுவலகங்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசிய சொற்களைப் பேசவும், அதை அளந்து எழுதவும் வெளிப்பணம் துணிவு தந்தது என்பது என் கணிப்பு. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளிடையே புத்தாயிரத்தின் தொடக்கத்தில் ஒரு விழுக்காட்டைத் தாண்டியிருந்த தொற்று, இன்று கால் விழுக்காட்டுக்கும் கீழே இருக்கிறது. அந்தத் தொண்டு நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் காலப்போக்கில் மாநிலச் சங்கத்தின் பொறுப்பாயின. 2003-இல் கேட்ஸ் அறக்கட்டளை தொடங்கிய ‘ஆவாஹன்’ திட்டம்கூட 2009 முதல் 2013 வரை தவணை தவணையாகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைப்புக்கே ஆண்டுகள் பிடிக்கும் என்று இதில் பழகியவர்களுக்குத் தெரியும்.

இவற்றின் பக்கத்தில் 2025-ஐ வைத்துப் பாருங்கள். ஹைதராபாத், புணே, தாணே ஆகிய ஊர்களில் திருநர்களுக்கென்று இயங்கிய ‘மித்ர்’ மருத்துவமனைகள் அமெரிக்க நிதி நின்றதும் மூடப்பட்டன. அங்கே மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்களைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ள எந்த அரசுத் துறையும் ஆயத்தமாக இருக்கவில்லை. சூடானில் போரின் நடுவே தெருக்காரர்களே நடத்திய கஞ்சித் தொட்டிகள் நூற்றுக்கணக்கில் அடுப்பை அணைத்தன. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் குழந்தைகளுக்காகத் துபாய்க் கிடங்கில் வைத்திருந்த ஏறத்தாழ 500 டன் சத்து பிஸ்கட், எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் காலாவதியாகி எரிக்கப்பட்டது. அந்த பிஸ்கட்டுக்கான பணத்தை அமெரிக்க மக்கள் ஏற்கெனவே செலுத்திவிட்டார்கள். எரிக்கவும் அவர்களே பணம் கொடுத்தார்கள். 2030-க்குள் 1.4 கோடிக்கும் மேற்பட்ட கூடுதல் மரணங்கள் நேரலாம், அதில் 45 லட்சம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அது கணினி மாதிரியில் எழுந்த மதிப்பீடு, எண்ணிப் பார்த்த பிணங்கள் அல்ல. அதில் பத்தில் ஒரு பங்கே உண்மையானாலும், நான்கு ஆண்டுகள் அவகாசம் கொடுத்திருந்தால் எத்தனை உயிர் தங்கியிருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

எதிர்வாதங்களில் முதலாவது வரி செலுத்துபவரின் வாதம்: சொந்த நாட்டில் ஏழைகள் இருக்க, ஊரான் பிள்ளைக்கு ஏன் ஊட்ட வேண்டும்? நியாயமான கேள்வி. ஆனால் அதன் அடியில் ஒரு தப்புக்கணக்கு இருக்கிறது. அமெரிக்க அரசுச் செலவில் கால் பங்கு வெளிநாட்டு உதவிக்குப் போவதாகக் கருத்துக் கணிப்புகளில் அந்நாட்டு மக்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். உண்மையில் அது ஏறத்தாழ ஒரு விழுக்காடு. அந்த ஒரு விழுக்காட்டை மிச்சம் பிடித்து எந்த நாட்டின் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் மாறிவிடுவதில்லை. குறைப்பதென்று மக்கள் முடிவு செய்தால் குறைக்கட்டும். டென்மார்க் அப்படித்தான் இங்கிருந்து குறைத்துக்கொண்டு போனது. ஒப்பந்தம் போட்ட வேலையைப் பாதியில் விடுவதற்கு மட்டும் இந்த வாதம் ஆதரவு தராது.

இரண்டாவது வாதம் நம் ஊரில் அதிகம் கேட்பது, நானும் மதிப்பது: உதவி என்பது பணக்கார நாடுகளின் கைச்சாட்டை, முகமை ஒழிந்தால் நமக்கு நல்லதுதானே? இதற்குச் சான்று கேட்டால் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின் கீழ் வந்த கோதுமையைக் காட்டுவார்கள். 1965, 1966 வறட்சிகளின்போது இந்தியா ஆண்டுக்குக் கோடி டன்னை ஒட்டிய தானியத்தை இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் கப்பல் கப்பலாக, மாதம் மாதமாக அளந்துவிட்டார். வேளாண் கொள்கையை மாற்றவும், வியட்நாம் போரை விமர்சிக்காமல் இருக்கவும் அது நெருக்கடியாயிற்று. அரிசிப் பஞ்சமே 1967 தேர்தலின் பேச்சாக இருந்த தமிழ்நாட்டுக்கு அந்த நாட்களின் அவமானம் புரியாததல்ல. ஆனால் அந்தக் கதையை உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 1965 நவம்பரில் ரோமில் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஓர்வில் ஃப்ரீமனும் சீர்திருத்தம் குறித்து உடன்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் கப்பலைப் பிடித்து வைத்தது ஜான்சனின் சொந்த முடிவு. தானியத்தை விடுவிக்கலாம் என்ற தம் அதிகாரிகளின் பரிந்துரைகளை மீறியே அவர் அப்படிச் செய்தார். உதவியின் கடிவாளம் நேரடியாக அரசியல் தலைமையின் கையில் இருக்கும்போதுதான் அது சாட்டையாகிறது. தனி முகமை அந்தக் கைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு தடுப்பு. பலவீனமான தடுப்புதான், ஆனாலும் தடுப்பு. அதை வெளியுறவுத் துறைக்குள் கரைப்பது ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பவர்கள் மகிழ வேண்டிய செய்தியல்ல.

மூன்றாவது வாதம், உதவி சோம்பேறியாக்கும் என்பது. டம்பிசா மோயோ 2009-இல் ஆப்பிரிக்காவை முன்வைத்து எழுதிய ‘டெட் எய்ட்’ நூல் இதை உலகறியச் செய்தது. சில அரசுகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. தமிழ்நாட்டின் சத்துணவு வரலாறு வேறு விதமாகச் செல்கிறது. காமராசர் தொடங்கிய பள்ளி மதிய உணவுக்கு 1960-களில் கேர் அமைப்பின் வழியே அமெரிக்க உணவுப் பொருட்கள் வந்து சேர்ந்தன. அந்த உதவி மாநிலத்தைச் சோம்பேறியாக்கியிருந்தால், அது குறையும்போது திட்டமும் சுருங்கியிருக்க வேண்டும். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைப் பன்மடங்கு விரித்தார். சமையலர், உதவியாளர், அமைப்பாளர் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் மாநில அரசின் சம்பளத்தில் வந்தார்கள். திட்டம் இங்கே பிறந்தது, உதவி பிறகு வந்து சேர்ந்தது என்பது முக்கியம். எதிர்ப்புறத்தில் விருப்பமும் நிறுவனமும் இருந்தால் உதவி ஊன்றுகோலாக நின்று விலகும். இல்லாத இடத்தில் அதைச் சட்டென்று பிடுங்குவது அந்த நாட்டின் அமைச்சர்களுக்குப் பாடம் கற்பிப்பதில்லை. அடி விழுவது மருந்துக்கு வரிசையில் நிற்பவர் மீது.

இணைப்பதால் சிக்கனம் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. டென்மார்க் இணைத்தும் கொடுத்தது. பிரிட்டன் 2020 செப்டம்பரில் இணைத்து, அடுத்த ஆண்டே தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காடாக இருந்த உதவியை 0.5 ஆக்கியது, 2027-க்குள் 0.3 ஆக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. ஆஸ்திரேலியா 2013-இல் இணைத்ததும் வெட்டத் தொடங்கியது. இணைப்பு தானாக உதவியைக் கொல்வதில்லை, ஆனால் கொல்ல நினைப்பவருக்கு வேலையை எளிதாக்குகிறது. எதிர்த்துப் பேச வேண்டிய அமைச்சரும் கணக்கு வைத்திருந்த அதிகாரிகளும் அந்த மேசையில் இல்லாமல் போகிறார்கள்.

இந்தக் கேள்வி வாங்கியவர்கள் என்ற முறையில் மட்டும் நம்மைத் தொடவில்லை. 1964-இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பப் பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்திலிருந்தே இந்தியா கொடுக்கும் நாடும்கூட. 2004 ஆழிப்பேரலையில் கடலூர்க் கரையிலேயே நூற்றுக்கணக்கானோர் மாண்ட நேரத்தில், பிற அரசுகளின் உதவி வேண்டாம் என்று மறுத்த இந்தியா, இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் பூட்டானுக்கு மட்டும் 2,150 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. போரில் வீடிழந்த ஈழத் தமிழர்களுக்கும் மலையகத்தாருக்குமாக 50,000 வீடுகள் கட்ட 2010-இல் வாக்களித்தோம். இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் தமிழ்நாடு அரசே சட்டமன்றத் தீர்மானம் போட்டு, 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், உயிர்காக்கும் மருந்துகள் என்று 123 கோடி ரூபாய் மதிப்பில் அங்கே அனுப்ப முன்வந்தது. ஒன்றிய அரசின் அனுமதி கிடைத்த பிறகே கப்பல் புறப்பட முடிந்தது. இத்தனைக்கும் இந்தியாவில் தனி உதவி முகமை கிடையாது. 2007 வரவு செலவு உரையில் ப. சிதம்பரம் அப்படியொன்றை அமைக்கப்போவதாகச் சொன்னார்; அது வரவில்லை. 2012-இல் வெளியுறவு அமைச்சகத்துக்குள் ஒரு பிரிவு மட்டும் உருவானது. மூடுவதற்கு நம்மிடம் எதுவும் இல்லை. திறந்திருக்க வேண்டியதைத் திறக்காமலே இருக்கிறோம்.

முகமை இல்லாமலும் நாம் ஒன்றை ஒழுங்காகச் செய்திருக்கிறோம். 2016-இல் 88 வண்டிகளோடு இந்திய நன்கொடையில் இலங்கையின் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய ‘1990 சுவசெரிய’ ஆம்புலன்ஸ் சேவை, பிறகு 209 வண்டிகள் சேர்ந்து நாடு முழுவதும் விரிந்தது. அதை ஏற்று நடத்த 2018-இல் இலங்கை நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தனி மன்றம் ஒன்றை அமைத்தது. வண்டி இந்தியா தந்தது, ஓட்டுநரும் முதலுதவியாளரும் இலங்கையின் ஊழியர்கள். இது எப்படிக் கைகூடியது, எந்த ஆண்டில் எவ்வளவு பொறுப்பு மாறியது, எங்கே தடங்கியது என்று எழுதி வைத்து, அடுத்த நாட்டில் அடுத்த திட்டத்துக்கு எடுத்துக்கொடுப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட அலுவலகம் டெல்லியில் வேண்டும். 2007-இன் அறிவிப்பை மீண்டும் எடுத்துச் சட்டமாக்கலாம். அதன் முதல் விதியாக, எந்த உதவித் திட்டமும் தொடங்கும் நாளிலேயே, அதில் வேலை பார்ப்பவர்களின் சம்பளம் எந்த ஆண்டில் எந்த அரசின் கணக்குக்கு மாறும் என்று இரு அரசுகளும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.